பந்திக்குத் திரும்பியவர்கள்

இந்த வருடம் போட்டிக்கு மூன்று நாடுகள் திரும்பி வருகின்றன.
அவற்றை மட்டும் எனக்கு ஒதுக்கினாள் ஹெட்விக்.
"நீயும் போய்த் திரும்பாதவள்தானே, உனக்குப் புரியும்" என்றாள்.
நகைச்சுவை என்றுதான் நினைக்கிறேன்.
கிராஸ் நகரத்து வானொலி நிலையத்தில்
நகைச்சுவைக்கு முன்னறிவிப்பு கிடையாது.

பாட்டுக்கு எண்பது சொல். பத்துக்கு மதிப்பெண்.
வியாழன் காலை ஏழு மணிக்குள்.

முதல் நாடு காசில்லாமல் போனது.
பதினொரு வருடம் கழித்து
தங்க நூல் சட்டையில் நான்கு பையன்கள்.
பின்னால் நெருப்பு, அதற்கும் பின்னால் அருவி.
கடன்காரன் வீட்டுக் கல்யாணம் மாதிரி
எல்லாமே ஒரு சுற்று அதிகம்.
ஆனால் இரண்டாம் நிமிடத்தில்
ஓரத்துப் பையன் மூச்சு வாங்குவது
ஒலிவாங்கியில் விழுகிறது.
அந்த மூச்சை மட்டும் மூன்று தடவை கேட்டேன்.
ஆறு என்று எழுதி, பிறகு
ஆறரை.

இரண்டாம் நாடு கோபித்துக்கொண்டு போனது.
பூஜ்யம் வாங்கிய இரவில் அவர்களின் குழுத்தலைவர்,
அண்டை நாட்டுக்கு அண்டை நாடு மொய் எழுதும் இடத்தில்
நமக்கென்ன வேலை என்றாராம்.
சரிதான்.
வாங்கிய காலத்து மொய் நோட்டிலும்
அவர்கள் பெயர் இருக்கிறது.
பாதிப் பந்தியில் எழுந்தவர்கள்
இப்போது இலை எங்கே என்று கேட்கிறார்கள், ஆங்கிலத்தில்.
'மன்னித்துவிட்டேன், மன்னித்துவிட்டேன்' என்பது பல்லவி.
யார் யாரை என்று கடைசிவரை தெரியவில்லை.
வயலின்காரி மட்டும் நிஜமாகவே கோபமாக இருக்கிறாள்.
அவளுக்காக நான்கு.

மூன்றாவது என் நாடு.

இருங்கள், காபி ஆறிவிட்டது.

ஏன் போனது என்று யாரும் சொல்லவில்லை.
ஒரு வருடம் பட்டியலில் பெயர் இல்லை,
அவ்வளவுதான்.
நானும் அப்படித்தான் வந்தேன்.
இரண்டு வாரப் பயிற்சி என்று சொல்லிவிட்டு,
காயப்போட்ட துணியைக் கொடியிலேயே விட்டு.
அதில் ஒரு பச்சைப் பாவாடை.
இன்னும் காய்ந்துகொண்டிருக்கும்.

பாடுகிறவள் பெயர் இஸ்கெர்கா.
நான் புறப்பட்டபோது அவளுக்கு ஏழு வயதிருக்கும்.
பாட்டு சுமார். மன்னிக்கவும், சுமார்தான்.
இயந்திரத் தாளம், வழக்கமான இடத்தில்
வழக்கம்போல் ஒரு சுருதி ஏறும்,
கை தட்டுங்கள் என்று சொல்லாமல் சொல்லும்.
ஆனால் எங்கள் மொழியில் 'வா'வுக்கு இரண்டு சொல் உண்டு.
வாசலில் நிற்பவருக்கு ஒன்று.
ஆற்றுக்கு அந்தப் பக்கம் நிற்பவருக்கு ஒன்று,
அதைச் சத்தமாகத்தான் சொல்ல முடியும்,
வாயை அப்படித் திறந்தாக வேண்டும்.
அவள் இரண்டாவதைப் பாடுகிறாள்.
அதுவும் மெதுவாக.
மெதுவாகச் சொல்ல முடியும் என்று
எனக்கு இதுவரை தெரியாது.

ஐந்தாம் தடவை ஓடும்போது மாடியிலிருந்து
துடைப்பக் கட்டையால் தட்டினாள் ஸெக்னர் அம்மாள்.
எட்டாம் தடவையில் இறங்கியே வந்துவிட்டாள்,
தலையில் சுருள் ஊசிகளோடு.
"என்னதான் சொல்கிறாள் அந்தப் பெண்?"
காதல் என்றேன்.
"இவ்வளவு நேரமா?" என்று ஏறிப்போனாள்.

ஐந்து.
கை நடுங்காமல் எழுதினேன், ஐந்து.
பாட்டுக்குப் பாட்டின் விலைதான்.

போட்டியில் ஒரு விதி உண்டு:
சொந்த நாட்டுக்கு யாரும் ஓட்டுப் போடக்கூடாது.
ஆனால் சனிக்கிழமை இரவு என் கைபேசி ஆஸ்திரியாக்காரி.
அதன் எண், அதன் கட்டணம், அதன் குடியுரிமை
எல்லாம் இந்த ஊர்.
எத்தனை ஓட்டு அனுமதி என்று
இன்று காலையிலேயே பார்த்துவைத்துவிட்டேன்.
விமர்சகியிடம் சொல்லவில்லை.

ஆறு நாற்பது. ஜன்னலுக்குக் கீழே முதல் டிராம்.
இரண்டு 'வா' பற்றி ஒரு வரி சேர்த்துப் பார்த்தேன்.
தொண்ணூற்று மூன்று சொல் ஆகிவிட்டது.
அழித்தேன்.
'இஸ்கெர்காவின் உச்சரிப்பு தெளிவு' என்று போட்டு
அனுப்பிவிட்டேன்.